கடன் கொடுத்துக் குடியேறுதல்: கொரிய வாடகை வீடும் புதியவரும்

தென் கொரியாவில் வாடகைக்கு வீடு தேடிப் போகிறவரிடம் தரகர் இரண்டு எண்களைச் சொல்வார். "ஆயிரத்துக்கு அறுபது" என்பதுபோல. கொரியர்கள் பத்தாயிரத்தை ஓர் அலகாக வைத்துப் பணம் எண்ணுகிறவர்கள். ஆகவே ஆயிரம் என்றால் ஒரு கோடி வொன் முன்பணம், அறுபது என்றால் ஆறு இலட்சம் வொன் மாத வாடகை. முதல் எண்ணை ஏற்றினால் இரண்டாவது எண் இறங்கும். ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் மாத வாடகை பூச்சியமாகிவிடும். வீட்டு விலையில் பாதியோ, முக்கால் பங்கோ, சில இடங்களில் அதற்கும் மேலோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு, இரண்டு ஆண்டு வாடகையின்றி இருந்து, காலி செய்யும்போது கொடுத்ததை வட்டியில்லாமல் அப்படியே வாங்கிக்கொண்டு போகலாம். இந்த முறைக்கு ஜொன்செ என்று பெயர். மாத வாடகைக்கு விடுவது வொல்செ. இரண்டுக்கும் நடுவில் நிற்பது பான்ஜொன்செ, அதாவது பாதி ஜொன்செ.

புதிதாக வருபவர் இதை வீடு தேடும் சிக்கலாக எடுத்துக்கொள்கிறார். எந்தப் பேட்டை, எத்தனை சதுர அடி (கொரியக் கணக்கில் எத்தனை பியொங்), சுரங்க ரயில் எவ்வளவு தூரம் என்பவையே அவர் கேள்விகள். ஆனால் தரகரின் மேசையில் நடப்பது வேறு பேரமும்கூட. முன் பின் தெரியாத ஒருவருக்குப் பெருந்தொகை ஒன்றைக் கடனாகக் கொடுக்க அவர் அழைக்கப்படுகிறார். ஈடாக வீடு கிடைக்கிறது. அந்தக் கடனுக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்குக் கொரியாவில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. அவற்றுள் முதன்மையானவற்றையும், அவை எங்கெங்கே சறுக்குகின்றன என்பதையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

ஒத்தியின் தூரத்து உறவு

ஜொன்செ உலகில் வேறெங்கும் இல்லாதது என்று கொரியாவைப் பற்றிய எழுத்துகளில் அடிக்கடி படிக்கலாம். தமிழ் வாசகர் இதை அவ்வளவு எளிதாக நம்பமாட்டார். தமிழ்நாட்டில் வீட்டை ஒத்திக்கு, போக்கியத்துக்கு விடுவதும், நகரங்களில் 'லீஸுக்கு வீடு' என்று பலகை தொங்குவதும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். யாழ்ப்பாணத்தின் தேசவழமைச் சட்டத்தில் ஒற்றிக்குத் தனி இடமே உண்டு: கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக நிலத்தின் விளைவை அனுபவிப்பார். தென் அமெரிக்காவில் பொலிவியாவிலும் 'ஆன்டிக்ரெட்டிகோ' என்ற பெயரில் இப்படியொரு முறை வழங்குகிறது. கொரியாவின் தனித்தன்மை முறையில் இல்லை, அளவில்தான் இருக்கிறது. மற்ற இடங்களில் ஓரமாக நிற்கும் ஒரு வழக்கம் அங்கே ஒரு தேசத்தின் வீட்டுச் சந்தையையே தாங்கி நின்றது.

அதன் தோற்றத்தை ஜோசொன் அரசுக் காலத்தில் வீட்டை அடகு வைக்கும் வழக்கத்திலிருந்து தொடங்குவோர் உண்டு. அதற்கும் முன்னே, நிலத்தை ஈடு வைத்த கொர்யோ காலத்துக்குக் கொண்டுபோவோரும் உண்டு. பரவலுக்கான காரணம் என்று பெரும்பாலோர் சுட்டுவது 1876-ஆம் ஆண்டின் காங்ஹ்வா உடன்படிக்கையை. அதன் பின் பூசான், வொன்சான், இஞ்சொன் துறைமுகங்கள் திறக்கப்பட்டன; அயலாரும் ஊர்விட்டு வந்த உழவர்களும் நகரங்களில் குவிந்தனர்; வீட்டுத் தேவை பெருகியது. ஜப்பானிய ஆட்சி 1910-இல் வெளியிட்ட வழக்காறுகள் பற்றிய ஆய்வறிக்கை, ஜொன்செயைக் கொரியாவின் மிகப் பொதுவான வீட்டு வாடகை முறையாகக் குறிக்கிறது. வீட்டு விலையில் பாதி முதல் பத்தில் ஏழெட்டுப் பங்கு வரை முன்பணமாகக் கொடுக்கப்பட்டது என்ற அந்தக் குறிப்பைப் படிக்கும்போது, நூறாண்டில் மாறாமல் நின்ற ஒரே விலை இதுதானோ என்று தோன்றும்.

ஒத்திக்கும் ஜொன்செக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பின்னால் வருவதற்கு அது முக்கியம். ஒத்தி பிடித்தவர் பணம் வரும்வரை வீட்டையோ நிலத்தையோ விடாமல் இருப்பார். பிடியே அவருடைய பலம். ஜொன்செயில் தவணை தேதி குறிக்கப்பட்டது. அந்த நாளில் வீட்டுக்காரர் பணத்தைப் பெரும்பாலும் தன் பெட்டியிலிருந்து எடுத்துத் தருவதில்லை. அடுத்துக் குடிவருபவர் கொடுக்கும் முன்பணமே போகிறவர் கைக்கு மாறுகிறது. போகிறவரோ அதே நாளில் அதைக் கொண்டுபோய் வேறொரு வீட்டில் கட்ட வேண்டும். வீடு மாறும் பருவத்தில் ஒரு காலைப்பொழுதுக்குள் ஒரே தொகை நாலைந்து வீடுகளைத் தாண்டிப் போவதுண்டு. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் எல்லோருடைய மூட்டை முடிச்சும் தெருவில் நிற்கும்.

ஏன் நிலைத்தது?

இந்த ஏற்பாடு ஏன் இவ்வளவு காலம் நின்றது என்பதற்கு மூன்று விளக்கங்கள் உண்டு.

முதலாவது, வங்கி இல்லாத இடத்தை ஜொன்செ நிரப்பியது என்பது. 1960-கள் முதல் 1980-கள் வரை கொரிய அரசு வங்கிப் பணத்தைத் தொழிற்சாலைகளுக்கும் ஏற்றுமதிக்கும் திருப்பிவிட்டது. சாதாரணக் குடும்பம் வீட்டுக் கடன் கேட்டு வங்கிப் படி ஏற முடியாது; வெளியில் கந்துவட்டி கடுமை. அதே காலத்தில் 1960-இல் சுமார் 24 இலட்சமாக இருந்த சியோல் நகர மக்கள்தொகை 1988-இல் ஒரு கோடியைத் தாண்டியது. வீடு கட்டவும் வாங்கவும் தேவைப்பட்ட முதலைக் குடியிருக்க வந்தவர்களே கொடுத்தார்கள். பொருளியலாளர்கள் கிம் செ-ஜிக், ஷின் ஹ்யொன்-சொங் இருவரும் 2013-இல் எழுதிய ஆய்வு, வங்கிகள் இல்லாமல் வளர்ச்சிக்கு நிதி திரட்டிய வழியாகவே ஜொன்செயைப் பார்க்கிறது: வீட்டை ஈடாகக் கொடுத்து, பின்னால் திருப்பிக்கொள்ளும் ஒப்பந்தம்.

விளக்கம் வலுவானது. ஆனால் அது உண்மையானால் வங்கிகள் வந்ததும் ஜொன்செ ஓய்ந்திருக்க வேண்டும். 1997 நிதி நெருக்கடிக்குப் பின் கொரிய வங்கிகள் வீட்டுக் கடனைத் தாராளமாகவே கொடுத்தன. ஜொன்செ குறைந்தது, ஆனால் மறையவில்லை. அதற்குள்ளேயே வங்கி புகுந்தது. அரசு உத்தரவாதத்தோடு 'ஜொன்செ கடன்' பெருகியது: குடியிருப்பவர் வங்கியில் வாங்கி வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறார், வட்டி மட்டும் மாதந்தோறும் கட்டுகிறார். இப்படிப் பார்த்தால் அது வேறு பெயரில் மாத வாடகையே. வாடகை வங்கிக்குப் போகிறது, ஆபத்து மட்டும் குடியிருப்பவரிடம் தங்குகிறது.

இரண்டாவது விளக்கம், வீட்டு விலை ஏறும் என்ற நம்பிக்கை. பத்தில் ஏழு பங்கைக் குடியிருப்பவர் கொடுத்துவிட்டால் மீதி மூன்று பங்கைப் போட்டு ஒருவர் வீடு வாங்கிவிடலாம். விலை ஏறினால் லாபம் முழுவதும் அவருக்கு. இதைக் கொரியர்கள் 'இடைவெளி முதலீடு' என்கிறார்கள். விலை ஏறும் காலங்களில் ஜொன்செ ஏன் தழைக்கிறது, இறங்கும்போது ஏன் முறிகிறது என்பதை இந்த விளக்கம் நன்றாகவே காட்டுகிறது. ஆனால் பாதி கதைதான். குடியிருப்பவர் ஏன் ஒப்புக்கொண்டார் என்பதை அது சொல்வதில்லை.

அதைச் சொல்ல வருவது மூன்றாவது விளக்கம். மாத வாடகை கையைவிட்டுப் போகும் பணம். ஜொன்செ தொகை கட்டாயச் சேமிப்பு. ஒற்றை அறையிலிருந்து ஜொன்செக்கு, ஜொன்செயிலிருந்து சொந்த வீட்டுக்கு என்பது இரண்டு தலைமுறைக் கொரியக் குடும்பங்கள் ஏறிய படிக்கட்டு. வீடு வாங்க வசதியில்லாதவரை நடுத்தர வர்க்கத்தில் நிறுத்திவைத்தது ஜொன்செதான் என்பவர்கள் இன்றும் உண்டு. அதை முற்றாக மறுப்பது கடினம். ஆனால் படிக்கட்டின் முதல் படியில் காலை வைக்க ஒரு மொத்தத் தொகை வேண்டும். அது பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வந்தது. பெற்றோர் உள்நாட்டில் இல்லாத ஒருவருக்கு இந்த விளக்கத்தில் இடமே இல்லை.

சட்டத்தின் பதில்

கொரியக் குடிமைச் சட்டம் 1960-இல் நடைமுறைக்கு வந்தபோது ஜொன்செயைச் சொத்தின் மேல் பதிவு செய்யத்தக்க உரிமையாக அங்கீகரித்தது. தாளில் இது நல்ல பதில். நடைமுறையில் பதிவுக்கு வீட்டுக்காரரின் ஒத்துழைப்பு வேண்டும். தன் சொத்தில் இன்னொருவர் பெயர் ஏறுவதை எந்த வீட்டுக்காரர் விரும்புவார்? பெரும்பாலான ஒப்பந்தங்கள் பதிவாகவில்லை. வீடு கைமாறினால் குடியிருப்பவர் புதிய உரிமையாளரிடம் எதையும் கேட்க முடியாத நிலை.

இந்த ஓட்டையை அடைக்க 1981-இல் வந்ததே வீட்டு வாடகைப் பாதுகாப்புச் சட்டம். அதன் தந்திரம் எளிமையானது: வீட்டுக்காரரின் கையெழுத்தே வேண்டாம். வீட்டில் குடியேறி, வட்டார அலுவலகத்தில் முகவரியை மாற்றிப் பதிந்தால் போதும், அடுத்து வரும் உரிமையாளரிடமும் செல்லும் உரிமை பிறந்துவிடும். ஒப்பந்தத்தில் அலுவலக 'உறுதித் தேதி' முத்திரையும் வாங்கிவிட்டால், வீடு ஏலத்துக்குப் போகும்போது தேதி வரிசைப்படி பணம் கேட்கலாம். இவை இரண்டும் கொரிய வாடகைதாரரின் தற்காப்புக் கவசம். இன்றும் எல்லோரும் சொல்லும் முதல் அறிவுரை இதுதான்.

கவசத்தில் ஓர் இரவு அளவுக்கு விரிசல் இருந்தது. குடியேறிப் பதிந்தவரின் உரிமை மறுநாள் நள்ளிரவு பூச்சிய மணிக்குத்தான் தொடங்கும் என்பது அச்சட்டத்தின் விதி. வங்கி அடமானமோ பதிவான நாளிலேயே செல்லும். பிற்பகலில் முன்பணத்தை வாங்கிக்கொண்ட வீட்டுக்காரர் அதே பிற்பகலில் வங்கிக்கு அடமானம் எழுதிக்கொடுத்தால் வங்கி முந்திவிடும். மோசடிக்காரர்கள் இந்த ஒரு நாளை நன்றாகவே அறிந்திருந்தார்கள். மறுநாள் வரை அடமானம் வைக்கமாட்டேன் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது பிறகு வழக்கமானது. எழுதியதை மீறினால் வீட்டுக்காரர்மேல் வழக்குப் போடலாம். வங்கியின் முன்னுரிமையை அது அசைக்காது.

இன்னொரு குறை: குடியிருப்பதுதான் உரிமை என்றால், பணம் வராமலே வெளியேறுகிறவர் உரிமையையும் விட்டுவிட்டே போகிறார். வேலைமாற்றம், விசா முடிவு என்று கிளம்ப வேண்டியவருக்கு இது தூக்குக் கயிறு. 1999 முதல் நீதிமன்ற ஆணை பெற்று, உரிமையைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு வெளியேறும் வழி உண்டு. 2023-இல் அது இன்னும் எளிதாக்கப்பட்டது. ஆணை வீட்டுக்காரர் கையில் சேர்ந்தாக வேண்டும் என்ற காத்திருப்பு நீங்கியது.

காலவரம்பும் விலையும் பற்றிய சட்டங்கள் அதிகம் சர்ச்சைக்குள்ளானவை. 1989-இன் திருத்தம் குறைந்தபட்சக் காலத்தை ஓராண்டிலிருந்து இரண்டாக்கியது. அடுத்த வசந்தத்தில் முன்பணத் தொகைகள் எகிறின. கட்ட முடியாத குடும்பங்களில் தற்கொலைகள் நிகழ்ந்தன. 2020 ஜூலையில், இரண்டு ஆண்டு முடிந்தபின் மேலும் இரண்டு ஆண்டு கேட்கும் உரிமையும், அப்போது 5 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற வரம்பும் வந்தன. அப்போதும் முன்பணம் ஏறியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, பாதுகாப்புச் சட்டமே குடியிருப்பவரைக் கெடுக்கிறது என்று வாதிடும் பொருளியலாளர்கள் பலர். மறுதரப்பு, 2020-இல் வட்டி விகிதம் 0.5 விழுக்காடு என்ற அடிமட்டத்தில் கிடந்ததையும் ஜொன்செ கடன் ஆறாக ஓடியதையும் சுட்டுகிறது. எது எவ்வளவுக்குக் காரணம் என்று பிரித்துக் காட்டும் ஒருமித்த முடிவு இன்னும் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: இந்த விவாதத்தின் இரு தரப்பும் ஏற்கெனவே வீட்டுக்குள் இருப்பவரைப் பற்றியே பேசின. வாசலில் பெட்டியோடு நிற்பவர், ஏற்றப்பட்ட புதிய விலையைக் கட்டியவராக மட்டுமே கணக்கில் வந்தார்.

உத்தரவாதத்தின் பதில்

சட்டம் போதவில்லை என்றால் காப்பீடு. 2013 முதல் அரசின் வீட்டு, நகர உத்தரவாதக் கழகம், வீட்டுக்காரர் திருப்பித் தராவிட்டால் முன்பணத்தைத் தானே கொடுத்துவிட்டுப் பிறகு அவரிடம் வசூலிக்கும் திட்டத்தை நடத்துகிறது. கட்டணம் சிறிது, நிம்மதி பெரிது. ஆனால் இந்தப் பதில்தான் எதிர்பாராத விளைவைத் தந்தது என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள். ஆதாரங்கள் அவர்கள் பக்கம் சாய்வதாகவே எனக்குத் தோன்றுகிறது.

கொரியாவில் 'வில்லா' என்பது தோட்டம் சூழ்ந்த மாளிகையன்று. நாலு மாடிக்குள் அடங்கும் எளிய அடுக்குவீடு. பெயரைக் கேட்டு மயங்கிய புதியவர்கள் பலர் இருப்பார்கள். அபார்ட்மெண்ட் வளாகங்களில் ஒரே மாதிரி நூற்றுக்கணக்கான வீடுகள் இருப்பதால் விலை எல்லோருக்கும் தெரியும். புதிதாகக் கட்டிய வில்லாவுக்கு ஒப்பிடும் விலை கிடையாது. அதன் மதிப்பை அரசு அறிவிக்கும் விலையின் ஒன்றரை மடங்காக எடுத்துக்கொண்டு, அந்த மதிப்பு முழுமைக்கும் உத்தரவாதம் கிடைத்தது. அந்த எண்ணே சந்தை விலையாகிவிட்டது. கட்டியவர் உண்மை விலைக்கு மேல் முன்பணம் வாங்கினார். அதே நாளில் வீட்டைப் பணமே இல்லாத ஒரு பினாமியின் பெயருக்கு மாற்றினார். தரகருக்குப் பங்கு போனது. "அரசே உத்தரவாதம் தருகிறது, பயப்படாதீர்கள்" என்பதுதான் குடியிருப்பவரிடம் சொல்லப்பட்ட சொல். கடனும் முன்பணமும் சேர்ந்து வீட்டு விலையைத் தாண்டிய இத்தகைய வீடுகளுக்கு 'காங்தொங் ஜொன்செ' என்று பெயர்: தகர டப்பா ஜொன்செ.

வட்டி ஏறியதும் டப்பா உருண்டது. 2020 மே மாதம் 0.5 விழுக்காடாக இருந்த மைய வங்கி வட்டி 2023 ஜனவரியில் 3.5 ஆனது, முன்பண மதிப்புகள் விழுந்தன, புதிதாக வருபவர் கொடுக்கும் தொகை போகிறவருக்குப் போதவில்லை. 2022 அக்டோபரில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைத் தன் பெயரில் வைத்திருந்த ஒருவர் இறந்தபோது, குடியிருந்தவர்களுக்குப் பணம் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. இஞ்சொன் நகரின் மிச்சுஹொல் வட்டாரத்தில் இன்னொருவரிடம் ஏமாந்த இளைஞர் மூவர் 2023 பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையே உயிரை விட்டனர். அந்த ஜூன் மாதம் பாதிக்கப்பட்டோருக்கான சிறப்புச் சட்டம் வந்தது. 2025 நடுப்பகுதிக்குள் அதன்படி அங்கீகரிக்கப்பட்டோர் 30,000-ஐத் தாண்டினர். நான்கில் மூன்று பங்கினர் நாற்பது வயதுக்குட்பட்டவர்கள். உத்தரவாதக் கழகத்தில் 2023-இல் மட்டும் திரும்பாத முன்பணங்களின் மொத்தம் 4 இலட்சம் கோடி வொன்னைத் தாண்டியது. அந்த ஆண்டில் வீட்டு விலையின் 90 விழுக்காடு வரையே உத்தரவாதம் என்றும், விலையை அரசு மதிப்பின் 140 விழுக்காடாகக் கொள்வது என்றும் வரம்பு இறங்கியது. ஒரு வில்லாவின் முன்பணம் அரசு மதிப்பின் 126 விழுக்காட்டைத் தாண்டினால் உத்தரவாதம் இல்லை என்ற கணக்கு இப்படி வந்ததுதான்.

தகவலின் பதிலும் அதன் எல்லையும்

மோசடி அலைக்குப் பின் அரசு வெளியிட்ட சீர்திருத்தங்களில் பெரும்பங்கு ஒரே திசையில் சென்றது: குடியிருக்க வருபவர் நன்றாக விசாரிக்கட்டும். சொத்துப் பதிவேட்டை இணையத்தில் 700 வொன் கட்டி யாரும் பார்க்கலாம். நம் ஊர் வில்லங்கச் சான்றுக்கு இணையானது அது. 2023 ஏப்ரல் முதல், ஒரு கோடி வொன்னுக்கு மேல் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டவர், வீட்டுக்காரரின் வரிப் பாக்கியை அவர் சம்மதம் இல்லாமலே பார்க்க முடிகிறது. 2021 ஜூன் முதல், முன்பணம் 6 கோடி வொன்னையோ மாத வாடகை 3 இலட்சத்தையோ தாண்டும் ஒப்பந்தங்களை 30 நாளுக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டும்.

எல்லாம் பயனுள்ளவையே. ஆனாலும் ஒரு கேள்வி நெருடுகிறது. கொரியப் பதிவேட்டுக்குச் சட்டப்படி 'பொது நம்பகத்தன்மை' கிடையாது. அதில் உள்ளதை நம்பி ஏமாந்தால் பதிவேடு பொறுப்பேற்காது. மேலும் கொரியாவில் ஒரே மாதிரித் தோன்றும் இருவகைக் கட்டடங்கள் உண்டு. ஒன்றில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி உரிமைப் பத்திரம். 'தாகாகு' எனப்படும் மற்றொன்றில் கட்டடம் முழுவதும் ஒருவருக்கே சொந்தம், குடியிருப்போர் மட்டும் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். இந்த இரண்டாம் வகையில், தனக்கு முன்னே வந்தவர்கள் மொத்தம் எவ்வளவு முன்பணம் கொடுத்து வரிசையில் நிற்கிறார்கள் என்பது பதிவேட்டில் தெரியாது. மாணவர்களும் புதியவர்களும் தேடும் மலிவான ஒற்றை அறைகள் பெரும்பாலும் இந்த வகைக் கட்டடங்களில்தான் இருக்கின்றன. தரகரின் ஈட்டுறுதிச் சான்றில் 20 கோடி வொன் என்று எழுதியிருக்கும். அது தனிநபர் தரகு அலுவலகம் ஓராண்டில் செய்யும் அத்தனை ஒப்பந்தங்களுக்கும் சேர்த்த உச்சவரம்பு. ஒவ்வொருவருக்கும் அவ்வளவு என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். தேர்ந்த கொரியரே தடுமாறும் இந்தக் காகிதங்களைக் கொரிய மொழி தெரியாதவர் படித்துத் தற்காத்துக்கொள்ள வேண்டும் என்பது, பொறுப்பை இடம் மாற்றுவதே தவிர தீர்ப்பதாகாது.

தானே மறையும் என்பவர்கள்

இன்னொரு தரப்பு, சந்தையே இதை முடித்துவைக்கும் என்கிறது. 1995 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கொரியக் குடும்பங்களில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஜொன்செயில் இருந்தன. 2015-இல் அது 15 விழுக்காட்டுக்குச் சற்று மேலே நின்றது, வொல்செ அதை முந்திவிட்டது. 2022-இல் புதிய வாடகை ஒப்பந்தங்களிலும் மாத வாடகை பாதியைக் கடந்தது. 2023 மே மாதம் அப்போதைய நிலம், போக்குவரத்துத் துறை அமைச்சர் வொன் ஹீ-ரியொங், ஜொன்செயின் ஆயுள் முடிந்துவிட்டதோ என்ற பொருளில் பேசினார். முன்பணத்தை மூன்றாம் தரப்பிடம் வைக்கும் யோசனையும் அப்போது எழுந்தது. பணத்தைத் தொட முடியாது என்றால் எந்த வீட்டுக்காரர் ஜொன்செக்கு விடுவார் என்ற எதிர்க்கேள்வி உடனே வந்தது. அதற்கு நேரடியான பதில் இல்லை. மூன்றாம் தரப்பிடம் வைப்பது ஜொன்செயைப் பாதுகாப்பதில்லை, மெதுவாக முடித்துவைக்கிறது. அதுதான் நோக்கம் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

மாத வாடகைக்கு மாறுவதால் முன்பணம் ஒழிந்துவிடுவதும் இல்லை. சியோல் பல்கலைக்கழகங்களைச் சுற்றியுள்ள ஒற்றை அறைக்கு ஒரு கோடி வொன் முன்பணம் இயல்பானது. நடப்பு ஒப்பந்தத்தில் முன்பணத்தை வாடகையாக மாற்றும்போது ஆண்டுக்கு 10 விழுக்காடு, அல்லது மைய வங்கி வட்டியுடன் 2 விழுக்காடு, இவற்றில் குறைந்ததே உச்சவரம்பு. புதிய ஒப்பந்தத்தை இது கட்டுப்படுத்தாது. வாடகை வரம்பைத் தாண்ட 'பராமரிப்புக் கட்டணம்' என்ற தலைப்பைப் பயன்படுத்துவதும் புதிதில்லை.

முன்பணம் கேட்காத வாசல்கள்

முன்பணமே இல்லாதவர் எங்கே போவார்? இலக்கியத்திலும் திரையிலும் அறியப்பட்ட பதில்கள் உள்ளன. அரசுத் தேர்வுக்குப் படிப்போருக்காகத் தோன்றிய கோஷிவொன், ஒரு கட்டிலும் மேசையும் மட்டும் கொள்ளும் அறை. இன்று தினக்கூலிகளும் முதியோரும் அயல்நாட்டாரும் அங்கே தங்குகிறார்கள். 2018 நவம்பரில் சியோலின் ஜொங்னோ வட்டாரத்தில் இத்தகைய விடுதி தீப்பிடித்து ஏழு பேர் இறந்தனர். பாதி நிலத்துக்கடியில் இருக்கும் பான்ஜிஹாவை 2019-இல் வந்த 'பாரசைட்' படம் உலகுக்குக் காட்டியது; 2022 ஆகஸ்ட் 8 இரவு சில்லிம்-தொங்கில் வெள்ளம் அப்படியொரு வீட்டுக்குள் புகுந்து ஒரு குடும்பத்தின் மூவரைக் கொன்றது. ஆபத்து இங்கும் உண்டு, இடம் மட்டும் வேறு. முன்பணத்தை இழக்கும் ஆபத்துக்குப் பதிலாக உடல் சார்ந்த ஆபத்து.

இன்னும் ஒரு வாசல், வேலை தருபவர் காட்டும் இடம். 2004-இல் தொடங்கிய வேலை அனுமதி முறையில் இலங்கை உள்ளிட்ட நாடுகளிலிருந்து வருவோர் பெரும்பாலும் வீடு தேடுவதே இல்லை. அது அவர்களுக்காக முன்பே முடிவாகியிருக்கிறது. 2017-இன் அரசு வழிகாட்டுதல், தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்குமாக ஊதியத்தில் 20 விழுக்காடு வரை பிடிக்க இடம் கொடுத்தது. கொள்கலன் போன்ற தற்காலிகக் கூடாரத்துக்கும் 13 விழுக்காடு. 2020 டிசம்பர் கடுங்குளிரில், பொச்சொன் நகரின் பண்ணைப் பசுமைக்குடிலுக்குள் அமைந்த தங்குமிடத்தில் கம்போடியப் பெண் தொழிலாளி ஒருவர் இறந்தபின், அத்தகைய இடம் தரும் முதலாளிகளுக்குப் புதிய அனுமதி மறுக்கப்பட்டது. வேலையும் கூரையும் ஒரே கையில் இருக்கும்வரை, இரண்டில் ஒன்றைப் பற்றி முறையிடுவது இரண்டையும் பணயம் வைப்பதாகும். வாடகை ஆய்வுகளில் இவர்கள் அரிதாகவே தலைகாட்டுகிறார்கள்; அவர்களைத் தொழிலாளர் ஆய்வுகளில் தேட வேண்டியிருக்கிறது.

அயலாரின் சட்டத் தகுதி

கொரியாவில் இன்று 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட அயல்நாட்டார் தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு வாடகைப் பாதுகாப்புச் சட்டம் பொருந்துமா என்பது நெடுநாள் ஐயம். சட்டத்தில் சொல்லியிருப்பது குடிமக்களின் முகவரிப் பதிவு. குடிவரவுச் சட்டம், அயலார் பதிவையும் தங்குமிட மாற்ற அறிவிப்பையும் அதற்கு இணையாக வைக்கிறது. உச்ச நீதிமன்றம் 2016-இல் வெளிநாட்டுக் குடியுரிமை கொண்ட கொரிய வம்சாவளியினரின் உறைவிட அறிவிப்புக்கும் அதே பலம் உண்டு என்று உறுதி செய்தது. கோட்பாட்டளவில் கேள்வி முடிந்தது.

நடைமுறையில் காலவரிசை இடிக்கிறது. நாட்டில் இறங்கிய 90 நாளுக்குள் அயலார் பதிவு, அதற்கு முகவரி வேண்டும், முகவரிக்கு ஒப்பந்தம் வேண்டும், ஒப்பந்தத்துக்கு முன்பணம். பதிவு அலுவலகத்தில் தேதி கிடைத்து அட்டை வர வாரக்கணக்கில் ஆகலாம். பணம் கைமாறிய நாளுக்கும் உரிமை பிறக்கும் நாளுக்கும் இடையே கொரியருக்கு ஓர் இரவு என்றால், புதியவருக்குப் பல இரவுகள். அரசு நிதியிலிருந்து வரும் மலிவு ஜொன்செ கடன்களும் பொது வாடகை வீடுகளும் பெரும்பாலும் குடிமக்களை மனத்தில் கொண்டே வகுக்கப்பட்டவை. அயலாருக்கு வீடில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும் வீட்டுக்காரரைத் தடுக்க விரிவான பாகுபாட்டு எதிர்ப்புச் சட்டம் கொரியாவில் இல்லை. 2007 முதல் மசோதாக்கள் வந்து வந்து காலாவதியாகின. சியோல் மாநகராட்சி அயல்மொழி பேசும் தரகர்களைத் தேர்ந்து பட்டியலிடுவது நல்ல முயற்சி. ஆனால் அது மொழிச் சிக்கலைத் தீர்க்கும், மறுப்பைத் தீர்க்காது.

எஞ்சி நிற்பவை

மேலே பார்த்த பதில்களுள் எதுவும் வெறும் பிழையில்லை. சட்டம் குடியிருப்பவரைத் தெருவுக்குத் தள்ளாமல் காத்தது. உத்தரவாதம் ஆயிரக்கணக்கானோரின் பணத்தை மீட்டது. அதே உத்தரவாதம் மோசடிக்கு விலைப்பட்டியலும் ஆனது. மாத வாடகைக்கு நகர்வது ஆபத்தைக் குறைக்கிறது, சேமிக்கும் வாய்ப்பையும் சேர்த்தே குறைக்கிறது. ஜொன்செ மறைந்தபின் அந்தப் படிக்கட்டின் இடத்தில் என்ன வரும், முன்பணத்தை யார் காவலில் வைப்பது, வேலை தருபவரின் கூரையை வாடகைச் சட்டத்துக்குள் கொண்டுவர முடியுமா என்பவை திறந்தே இருக்கின்றன.

இப்போதைக்குப் புதியவரின் கணக்கு ஓர் எண்ணைச் சுற்றியே அமைய வேண்டும் என்பது என் மதிப்பீடு. வீடு ஏலம் போனாலும் சிறு முன்பணக்காரருக்கு வங்கிக்கும் முன்பாகப் பங்கு தரும் விதி ஒன்று உண்டு. 2023 பிப்ரவரி முதல் சியோலில் முன்பணம் 16.5 கோடி வொன்னுக்குள் இருந்தால் அதில் 5.5 கோடி வரை, வீட்டு மதிப்பின் பாதிக்கு மேற்படாமல், இப்படி முதலில் கிடைக்கும். குடியேற்றமும் பதிவும் ஏல நடவடிக்கைக்கு முந்தியிருக்க வேண்டும். அந்த 5.5 கோடிக்குள் முன்பணத்தை நிறுத்தி, மாதம் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது நட்டமாகத் தோன்றினாலும் அறிவுடையது. ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்: வரம்பு, ஒப்பந்த நாளைக்கொண்டு கணக்கிடப்படுவதில்லை, வீட்டின் மேல் முதல் அடமானம் ஏறிய நாளைக்கொண்டே கணக்கிடப்படுகிறது. அந்த அடமானம் 2019-இல் ஏறியது என்றால் சியோலில் வரம்பு 11 கோடி, முதலில் கைக்கு வருவது 3.7 கோடி மட்டுமே.